தகடு உருவிய சைலன்சர்

ஆடி பிறந்தும் அந்த ஆண்டு காவிரியில் தண்ணீர் வரவில்லை. திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ள நெடுங்கரையில் குறுவை சாகுபடி செய்ய எண்ணியவர்கள் அனைவரும் பில்டர் பாயிண்ட் என்னும் ஆழமில்லாக் குழாய்க் கிணற்றையும் டீசல் எஞ்சினையும் நம்பியே விதை விட்டிருந்தனர். சாமிதுரையும் அவர்களுள் ஒருவர். அவருடைய தகப்பனார் பண்ணையாளாக உழைத்த வயலின் ஒரு பகுதியை அவர் கிரயம் பெற்றிருந்தார். நாற்றங்காலும் எஞ்சினும் வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தன. வீடு இக்கரையில் இருந்தது.

டீசல் எஞ்சின் வாங்குபவர்கள் அந்த ஊரில் முதலில் செய்யும் காரியம் அதன் சைலன்சரைக் கழற்றி எறிவதுதான். அதற்குப் பதிலாக ஒரு முழ நீளமுள்ள இரும்புக் குழாயை மேல்நோக்கிப் பொருத்திவிடுவார்கள். அதன்பின் வயலில் காவல் இருக்கவேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே காது காவல் காக்கும். சத்தம் இழுத்தால் டீசல் தீர்கிறது என்று பொருள். சத்தம் எகிறினால் பெல்ட்டு நழுவிவிட்டது. சத்தம் நின்றால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். சாமிதுரை மூங்கில் பிளந்துகொண்டோ, மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டோ, தம் எஞ்சினைக் காதாலேயே ஓட்டிவந்தார்.

முளை கட்டிய விதையைத் தெளித்த நான்காம் நாள் நண்பகலில் அவர் எஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்கு வந்தார். சத்தம் சீராகக் கேட்டது. உண்டார், கயிறு திரித்தார். மாலையில் அவருடைய மனைவி அம்சம் களையெடுப்பு முடித்து வாய்க்கால் பாலத்தைக் கடந்து வந்தாள்.

"ஏங்க, நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு. இஞ்சினு நின்னு எம்புட்டு நேரமாச்சு?"

"நின்னுருச்சா? இப்பவும் ஓடுது, கேளு."

அம்சம் கேட்டாள். 'டுப் டுப்' என்ற சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது வந்தது நாற்றங்காலிலிருந்து அன்று. அதை அடுத்திருந்த தென்னந்தோப்பிலிருந்து. அங்கே அப்துல் ஜலீலின் மகன் ஜாஹித் தன் புல்லட் வண்டியை நிறுத்தி, பிற்பகல் முழுவதும் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். வண்டியின் சைலன்சர் வெளிப்பார்வைக்கு முழுமையாக இருந்தது. சத்தத்தை அடக்குவதற்காக உள்ளே வைத்திருந்த தகடுகளை மட்டும் அவன் உருவி எடுத்திருந்தான். அதனால் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது அதன் ஓசை டீசல் எஞ்சினின் ஓசையாகவே இருந்தது.

மறுநாள் காலையில் முளைகள் பழுத்துக் கருகியிருந்தன. வேறு விதை விட்டால் பருவம் தப்பிவிடும். சாமிதுரை நேரே பள்ளிவாசல் தெருவுக்குச் சென்று, ஜலீல் வீட்டு வாசலில் நின்றார். ஜலீல் ஷார்ஜாவில் கடை வைத்திருந்தார். வீட்டை நடத்தியவர் அவருடைய மனைவி ஹமீதா பானு.

"பாய் வீட்டம்மா! வெளியில வாங்க!"

ஹமீதா பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். "என்ன சாமிதுரை, காலங்காத்தால கத்துறீங்க?"

"நான் கத்துறது உங்க காதுல விழுவுதா? அதிசயந்தான். அந்த வண்டி நிக்கிற வீட்டுல இன்னும் யாருக்கும் காது செத்துப்போவலியா?"

"விஷயத்தச் சொல்லுங்க."

"நாத்து செத்துப்போச்சு."

"தண்ணி பாய்ச்சலன்னா நாத்து சாவத்தான் செய்யும். அதுக்கு எங்க வாசல்ல வந்து நின்னா?"

"பாயுதுன்னு நெனச்சிக்கிட்டு உக்காந்திருந்தேம்மா. உங்க புள்ள தோப்புல வண்டிய வச்சி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கான். நான் என் இஞ்சினுன்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து வந்த ஜாஹித் சிரித்தான். "புல்லட்டுக்கும் பம்புசெட்டுக்கும் வித்தியாசம் தெரியாத காத வச்சிக்கிட்டு வெவசாயம் பாக்குறீங்களா? நல்ல ஆளுங்க நீங்க!"

"நீ சும்மா இரு, ஜாஹித்," என்ற ஹமீதா பானு, மகனை அடக்கிய வேகத்திலேயே சாமிதுரையின் பக்கம் திரும்பினார். "உங்க இஞ்சினு மட்டும் என்னா, தாலாட்டா பாடுது? இந்தத் தெருவுல ஒரு மனுஷி நிம்மதியாத் தொழ முடியுதா?"

"அது சோத்துக்கு ஓடுது. இது கொழுப்புக்கு ஓடுது."

தெருவில் இரண்டு மூன்று வாசல்களில் ஆட்கள் வந்து நின்றனர். அத்தனை பேர் முன்னிலையில் அந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்தது ஹமீதா பானுவுக்குப் பொறுக்கவில்லை. அதுவரை இருந்த மரியாதை ஒரே நொடியில் கழன்றது.

"உங்கப்பன் எங்க மாமனார் வாசல்ல கைகட்டி நின்னான். நீயும் அதே வாசல்லதான் வந்து நிக்கிறே. இதுக்குத்தானா நெலம் வாங்குனே?"

சாமிதுரை திரும்பி நடந்தார். அவர் அடுத்த திங்கட்கிழமை தஞ்சாவூருக்குச் சென்று, குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார் என்பது ஊருக்குப் பிறகுதான் தெரிந்தது. நாற்று அழிந்ததற்கு ஈடு கேட்டு அவர் ஒரு வரியும் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த வண்டியின்மேல் வழக்குப் போடவேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த மனு எங்கே போய் உறைக்கும் என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஜாஹித்துக்கு ஷார்ஜாவில் வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான், அதற்கான விசாரணைக் காகிதம் காவல் நிலையத்துக்கு வந்திருந்தது. 'இவன்மீது வழக்கு எதுவும் இல்லை' என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுதி அனுப்பினால் ஆவணி முடிவதற்குள் அவன் விமானம் ஏறிவிடலாம். வழக்கு இருந்தால் காகிதம் திரும்பிவிடும்; வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் ஒரு கான்ஸ்டபிளுடன் ஜீப்பில் வந்தார். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த மனுவுக்கு ஏதேனும் ஒரு பதில் எழுதியே தீரவேண்டிய எரிச்சல் அவர் முகத்தில் தெரிந்தது. சாமிதுரையின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தார். ஹமீதா பானுவையும் வரச்சொன்னார். ஜாஹித்தைக் கான்ஸ்டபிளுடன் வண்டியோடு தோப்பிலேயே நிற்கச் செய்தார்.

"என்னய்யா, பெரிய சட்ட நிபுணரா நீ? சைலன்சர் இல்லாம ஓட்டுறான்னு எழுதியிருக்கே. நான் பாத்தேன், சைலன்சர் இருக்குது."

"உள்ள ஒண்ணும் இல்லீங்கய்யா. தகட உருவிட்டான்."

"அத நான் எப்படிப் பாக்குறது? கைய விட்டா? சத்தம் இம்புட்டுக்கு மேல போவக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, இல்லேங்கல. அளக்கறதுக்கு ஸ்டேஷன்ல மெஷின் இல்ல. ஆர்.டி.ஓ. ஆபீஸு பிரேக் இன்ஸ்பெக்டரக் கேட்டா, தன்கிட்டயும் இல்லேங்கிறாரு. டவுன்லயே இந்தக் கதின்னா, வாய்க்கா வரப்புல யாருய்யா வந்து அளப்பா?" என்று கேட்ட இளையபெருமாள், வயல் பக்கம் கையை நீட்டினார். "அது கெடக்கட்டும், உன் இஞ்சினுக்குச் சைலன்சர் எங்க?"

"அது ரோட்டுல ஓடலீங்கய்யா. சட்டம் வண்டிக்குத்தான்."

"பாத்தியா! நல்லாத்தான் படிச்சிருக்கான்."

ஹமீதா பானு குறுக்கிட்டார். "சார், இவரு காது கேக்காததுக்கு என் புள்ள என்ன செய்வான்? ரெண்டு சத்தமும் ஒண்ணுன்னு இவரு சொன்னாப் போதுமா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இளையபெருமாளுக்கு அந்த யோசனை பிறந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிம்மா, அதையே பாத்துடுவோம். சாமிதுரை, நீ இப்படி வந்து செவுத்தப் பாத்து நில்லு. நான் துண்ட ஆட்டுனா கான்ஸ்டபிள் ரெண்டுல ஒண்ண ஓடவிடுவாரு. எத ஓடவிடுறதுங்கறது அவரு இஷ்டம். எதுன்னு நீ சொல்லணும். சரியாச் சொல்லிட்டேன்னா, வித்தியாசம் தெரியுதுன்னு அர்த்தம். உன் மனு பொய், மூடிட்டுப் போயிடுவேன். தப்பாச் சொன்னேன்னா, அந்த வண்டி பம்புசெட்டு மாதிரி கத்துதுன்னு அர்த்தம்; பையன் மேல கேசு."

"வேணும்னே மாத்திச் சொல்லிட்டாருன்னா?" என்றார் ஹமீதா பானு.

சாமிதுரை அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அம்சத்தை அழைத்தார். "முறத்துல நெல்லு கொண்டா."

அம்சம் முறத்தில் விதைநெல் கொண்டுவந்தாள். சாமிதுரை ஒரு கை நெல்லை அள்ளிக்கொண்டார். நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவன் வயலில் மறுபடி நெல் முளைக்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதை ஹமீதா பானுவும் அறிந்தவர். அவர் சரியென்று தலையசைத்தார்.

"ஏங்க, தெரியலேன்னு சொல்லிட்டாலும் போதுமுங்க," என்று அம்சம் மெல்லக் கூறினாள்.

"தெரிஞ்சாத் தெரியும்னுதான் சொல்லுவேன். நீ தள்ளி நில்லு."

அவர் சுவரைப் பார்த்து நின்றார். இளையபெருமாள் ஒரு சிறுவனைத் தோப்புக்கு ஓடவிட்டு, ஏற்பாட்டைக் கான்ஸ்டபிளின் காதில் சொல்லிவரச் செய்தார்; அவன் திரும்பியதும் துண்டை உயர்த்தி ஆட்டினார்.

ஹமீதா பானு வாய்க்காலுக்கு அப்பால் காதை வைத்துக்கொண்டு நின்றார். தம் மகனை அவருக்குத் தெரியும். வண்டியை உதைத்துக் கிளப்பியதும் கைப்பிடியைத் திருகி, தெரு அதிர இரண்டு முறை உறுமச் செய்யாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. டீசல் எஞ்சின் அப்படி ஒருபோதும் உறுமாது. ஒரே கதியில் ஓடும். ஆகவே, ஓடவிடப்படுவது வண்டியாக இருந்தால் சாமிதுரை மட்டுமன்று, கைக்குழந்தையும் அதை அறிந்துகொள்ளும். எஞ்சினாக இருந்தால் பழகிய காதுக்கு அது தெரியாமல் போகாது. எப்படிப் பார்த்தாலும் மகன் தப்பிவிடுவான் என்று அவர் கணக்கிட்டார்.

சத்தம் எழுந்தது. டுப், டுப், டுப் என்று ஒரே கதியில், உறுமலின்றி, தென்னைகளுக்கு இடையே அது நிதானமாக வந்தது. ஹமீதா பானுவின் முகம் தெளிந்தது. எஞ்சின்தான், ஐயமில்லை.

சாமிதுரை தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். கையிலிருந்த நெல்லை இறுக்கிக்கொண்டார். தமக்குச் சாதகமான பதில் எது என்று அவருக்குத் தெரியும். தம் காது சொன்ன பதில் அதற்கு எதிராக இருந்தது.

"சொல்லுய்யா," என்றார் இளையபெருமாள்.

"என் இஞ்சினுங்கய்யா."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"கேட்டுட்டேன். என் இஞ்சினுதான். மனு பொய்யின்னா பொய்யின்னு எழுதிக்கங்க."

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹமீதா பானு, "அல்லாஹ் பெரியவன்," என்று உரக்கக் கூறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புறப்படலானார்.

இளையபெருமாள் மீண்டும் துண்டை ஆட்டினார். சத்தம் நின்றது. சற்று நேரத்தில் வாய்க்கால் பாலத்தின்மீது புல்லட் வண்டி வந்தது. கான்ஸ்டபிள் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜாஹித் முகமெல்லாம் சிரிப்பாக வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"எப்படி சார்? உறுமலே இல்லைல்ல? எஸ்.ஐ. சத்தத்தக் கேக்கப்போறாருன்னு கான்ஸ்டபிள் சொன்னாரு. ஆக்சிலேட்டர் மேல கையே வைக்கல. எவ்வளவு மெதுவா ஓட முடியுமோ அவ்வளவு மெதுவா ஓடவிட்டேன்."

முதலில் சிரித்தவர் இளையபெருமாள். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடப்பாவி! ஊரக் கூட்டுற மாதிரி முறுக்கியிருந்தா தப்பிச்சிருப்பியேடா! அடக்கி ஓட்டி மாட்டிக்கிட்டியே!"

ஜாஹித் தாயின் முகத்தைப் பார்த்தான். அங்கே கண்டதை அவனால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. "என்னம்மா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"வாய மூடுடா," என்றார் ஹமீதா பானு.

சாமிதுரை சுவரிலிருந்து திரும்பினார். வெற்றி பெற்ற மனிதரின் முகம் அவருக்கு வாய்க்கவில்லை. தம் எஞ்சின் என்று சத்தியத்தோடு கூறியது தம் எஞ்சின் அன்று என்ற செய்தி, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. கையிலிருந்த நெல்லை முறத்தில் போட்டார். விரல்களில் ஒட்டியிருந்த உமியை வேட்டியில் துடைத்தார்.

இளையபெருமாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கேசு கேசுதான். வண்டிய ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆனா ஒண்ணு, சாமிதுரை. பையன் பாஸ்போர்ட்டு காகிதமும் என் மேசைலதான் இருக்கு. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொன்னியானா, கேசுன்னு ஒண்ணு இல்லாமலே முடிச்சிடலாம். யோசிச்சிச் சொல்லு."

அனைவரும் ஹமீதா பானுவைப் பார்த்தனர். அவர், தாம் வாழ்நாளில் எட்டிப் பார்த்தறியாத அந்த வீட்டின் தாழ்வாரம் வரை நடந்து வந்தார்.

"சாமிதுரைண்ணே."

"இப்பத்தான் அண்ணன் ஆனேனா?"

"அன்னைக்கு வாய்தவறிப் பேசிட்டேன்."

"வாய் தவறலீங்க. வாய்க்குள்ள இருந்ததுதான் வந்துச்சு."

"எப்படி வேணும்னாலும் வச்சுக்கங்க. நாத்து வாங்கித் தர்றேன்."

"எவங்கிட்ட வாங்குவீங்க? இந்த வருஷம் ஊருல எவன்கிட்ட மிச்ச நாத்து இருக்கு? வயக்காடு பக்கம் வந்து பாத்தாத்தானே தெரியும்."

"அவன் சின்னப் பையன். போற வயசு. அவன் வாழ்க்கைய நிறுத்தாதீங்க."

"என் குறுவ நின்னுபோச்சு. யாரு வந்து கேட்டீங்க? சிரிச்சீங்க. இந்த வருஷம் நான் நடாத வயலப் பாத்துக்கிட்டு இங்க கெடக்கணும், உங்க புள்ள மட்டும் ஏரோப்ளேன்ல ஏறணுமோ? கெடக்கட்டும். அவனும் இங்கயே கெடக்கட்டும்."

"ஏங்க, வேணாங்க, விட்டுருங்க," என்றாள் அம்சம்.

"நீ உள்ள போ."

ஹமீதா பானு கெஞ்சுவதை நிறுத்தினார். முகத்தில் இருந்த தாழ்மை போன இடம் தெரியவில்லை.

"சரி. இங்கயே கெடப்பான். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா அவனும் போயிருப்பான், வண்டியும் படுதா போத்திக் கெடந்திருக்கும். அவன இங்கயே கட்டிப்போடுன்னு நீங்கதான் கேட்டீங்க. கேட்டது கெடைக்கட்டும். நல்லா அனுபவிங்க."

கூறிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் சென்றார்.

வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. ஜாஹித் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அபராதம் அவன் வண்டிக்கு வாங்கிய கைப்பிடி உறையின் விலைகூட இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டனர். புதிய சைலன்சர் பொருத்தி வண்டியை மீட்டான். ஆனால் விசாரணைக் காகிதம் அதற்கு முன்பே 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்ற குறிப்புடன் திரும்பியிருந்தது. ஷார்ஜாவில் அவனுக்கென வைத்திருந்த வேலைக்கு அவன் சிற்றப்பா மகன் ஜாபிர் சென்றான். அவனை வழியனுப்ப ஊரே வேன் வைத்துத் திருச்சிக்குச் சென்றது; ஜாஹித் போகவில்லை.

ஐப்பசியில் ஜலீல் பணம் அனுப்பினார். சாமிதுரையின் வீட்டுக்கு நேர் எதிரே, வாய்க்கால் சாலையின் மறுபுறம், ஜலீல் குடும்பத்துக்கு ஒரு பழைய மாட்டுக் கொட்டகை இருந்தது. அதற்குத் தகரக் கூரை போட்டு, ஜாஹித் இருசக்கர வாகனப் பட்டறை தொடங்கினான். அது கும்பகோணத்துக் கடைகள் தவணை முறையில் வண்டிகளை வாரி வழங்கிய காலம். சுற்றுவட்டத்து இளைஞர்கள் புதிய வண்டியோடு முதலில் வந்து நின்ற இடம் அந்தப் பட்டறைதான். 'அண்ணே, தகட எடுத்துடுங்க' என்பதே அவர்கள் கேட்ட முதல் வேலை. காலை முதல் விளக்கு வைக்கும் வரை வண்டிகள் அங்கே நின்று உறுமின. நடுவில் ஒரு வண்டி மெதுவாக ஓடும்போது, சாமிதுரை தம்மையும் அறியாமல் தவிட்டுக் கையோடு எழுந்து நின்று வயல் பக்கம் பார்ப்பார்.

அவர் காதை நம்புவதை விட்டுவிட்டார். சம்பாவுக்குத் தண்ணீர் போதாதபோது எஞ்சினை ஓடவிட்டு, அதன் பக்கத்திலேயே வரப்பில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வீட்டிலிருந்து இரண்டு வேலை பார்த்தார்கள். அவரால் ஒன்றுதான் பார்க்க முடிந்தது.

தை பிறப்பதற்கு முன் அவர் மறுபடியும் காவல் நிலையத்துக்குச் சென்றார். இளையபெருமாள் மனுவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வண்டி ரோட்டுல ஓடுனா நான் புடிப்பேன். ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டி எனக்கு வராதுய்யா. சட்டம் ரோட்டுல ஓடுறதுக்குத்தான்னு நீயே அன்னிக்கிச் சொன்னியே. பஞ்சாயத்துல போய்க் கேளு."

பஞ்சாயத்தில் பட்டறைக்கு அனுமதி கொடுத்து வரியும் வாங்கியாயிற்று என்றார்கள். தஞ்சாவூருக்கே மறுபடி போய்விடுவதென்று சாமிதுரை முடிவு செய்தார். திங்கட்கிழமை காலை, மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வெளியே வந்தார்.

"அந்தப் புள்ளய அன்னிக்கே போக விட்டிருக்கலாம்," என்றாள் அம்சம்.

"இத நீ தெனமும் சொல்லணுமா?"

சாலையில் இறங்கினார். பட்டறை வாசலில் ஜாஹித் எண்ணெய்க் கையோடு ஒரு வண்டியைக் கிளப்பி நிறுத்தியிருந்தான். அவரைக் கண்டதும் இருக்கையை ஒரு துணியால் தட்டினான்.

"என்னா பெருசு, கலெக்டர் ஆபீஸுக்கா? முதல் பஸ் போயிருச்சு. ஏறுங்க, நானே கொண்டுபோய் விடுறேன். நான் எங்க போகப்போறேன், இங்கதானே கெடக்கேன்!"

பட்டறையில் நின்ற இளைஞர்கள் சிரித்தனர். சாமிதுரை அவன் முகத்தைப் பார்த்தார். காறிச் சாலையோரம் துப்பினார். பிறகு வெயிலில் திருவிடைமருதூரை நோக்கி நடக்கத் தொடங்கினார்.